அத்தை விட்டுக்கொடுத்த மூன்று வருஷம்

மோட்டார் சைக்கிளைக் கண்டுபிடித்தவன், இதை ஒழுங்காக ஓட்ட ஒருத்தி பிறக்கவேண்டுமே என்று காத்துக் கிடந்தான். அத்தை பிறந்த சேதி கேட்ட பிறகுதான் நிம்மதியாகக் கண்ணை மூடினான். அவள் வண்டி வந்தால் சிவப்பு விளக்கு வெட்கப்பட்டுப் பச்சையாகிவிடும். மழை மேகம் ஓரங்கட்டி வழிவிடும். இதில் முக்கால்வாசி புளுகு என்று கழித்துவிட்டாலும், மிச்சக் கால்வாசியை ஊர் தாங்காது.

அத்தைக்கு வேலை ரத்தம் சுமப்பது. சின்னச் சின்ன கிளினிக்குகளில் எடுத்த ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்து, பைக்கின் பின்னால் கட்டி, பரிசோதனைக் கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். அவள் தம்பி மகள் வாலு ஒருநாள் அந்தப் பெட்டிமேல் ஒரு டம்ளரை ஒட்டி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அனுப்பிவிட்டாள். (இதை எழுதுவதும் அந்த வாலுதான். 'நான்' என்று எழுதினால் உதை நேராக வரும், 'அவள்' என்றால் கொஞ்சம் சுற்றி வரும் என்பது அவள் கணக்கு.) தெருக்கோடிவரை போய்த் திரும்பிய அத்தை, டம்ளரைப் பிய்த்தெடுத்துத் தண்ணீரைக் குடித்தாள்.

"இன்னொரு டம்ளர் கொண்டாடி. தாகம் அடங்கல."

வாலு வாயைப் பிளந்தவள்தான். மூட வெகுநேரம் ஆயிற்று.

அப்படிப்பட்ட அத்தையால் ஒரே ஒரு சுமையை மட்டும் ஏற்ற முடியவில்லை. மாமாவை. ஏணியிலிருந்து விழுந்த பிறகு அவருடைய வலது முழங்கால் மடங்குவதில்லை. பைக்கில் ஏறக் காலைத் தூக்க முடியாது. பஸ்ஸில் கூட்டம் இடிக்கும். நகரத்தின் மறுகோடியில் ரேடியோவும் மின்விசிறியும் பழுது பார்க்கும் அவர் கடை பூட்டியே கிடந்தது. வீட்டிலிருந்த ரேடியோவைப் பிரித்துப் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தார். நன்றாகப் பாடிக்கொண்டிருந்த ரேடியோ அது.

இந்த நேரத்தில் பரிசோதனைக் கூடத்து முதலாளி, தூரத்துக் கிளினிக்குகளுக்கென்று ஒரு பழைய காரை வாங்கிப்போட்டார். பைக், கார் இரண்டுக்கும் லைசென்ஸ் காட்டுகிறவர் கையில்தான் சாவி. மாதக் கடைசிக்குள் யாரும் காட்டாவிட்டால் வெளியாளைப் போட்டுவிடுவார். காலையில் அந்தக் கார் போகும் வழியில்தான் மாமாவின் கடை. முன் சீட்டைப் பின்னால் தள்ளினால் காலை நீட்டியே உட்காரலாம். அத்தை அன்றே காரோட்டப் பயிற்சிக்குச் சேர்ந்தாள்.

வாலு சும்மா இருப்பாளா? 'கற்றுக்கொள்பவர், தள்ளி நிற்கவும்' என்று எழுதி அத்தையின் முதுகில் ஒட்டினாள். பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் சாயங்காலம்வரை தள்ளியே நின்றார்கள்.

டெஸ்டுக்கு மனு கொடுக்கப் போனபோது கவுண்டரில் இருந்தவர் அத்தையின் பைக் லைசென்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, இதுல இன்னும் எட்டு வருஷம் இருக்கு. காரைச் சேர்த்தா புது அட்டை. அம்பது வயசு தாண்டினவங்களுக்கு அஞ்சு வருஷம்தான் போடுவோம். ரெண்டுக்கும் ஒரே தேதி."

"அப்போ பைக்குக்கும் அஞ்சுதானா?"

"ஆமா. அதுக்கப்புறம் கண்ணு, காது எல்லாம் சோதிச்சாத்தான் நீட்டிப்பு. தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?"

வாலுவோடு கூட வந்திருந்த அவள் அப்பா இடையில் புகுந்தார். "அக்கா, பைத்தியமா உனக்கு? இருக்கிறதைக் கொடுத்துட்டுக் குறைச்சலா வாங்குறியே! பைக்தானே உன் சோறு?"

அத்தை மனுவைச் சன்னலுக்குள் தள்ளினாள்.

"எட்டு வருஷமும் என் பின் சீட்டு காலியாத்தானேடா இருக்கும்? பக்கத்துல அவர் இருந்தா எனக்கு அஞ்சே போதும். சீல் போடுங்க சார்."

கவுண்டர்க்காரர் சீல் வைத்தார். டம்ளர் தண்ணீரைப் பார்த்தபோதுகூட வாலுவுக்கு இப்படி உடம்பு சிலிர்க்கவில்லை. அத்தை எவ்வளவு உயரம் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரிந்ததுபோல் இருந்தது. வெளியே வந்ததும் அதை மறைக்க, "அத்தை, கார்ல ஹெல்மெட் போட்டுக்கோங்க, மத்தவங்க பாதுகாப்புக்கு" என்றாள்.

அத்தைக்குக் காரில் ஒரே ஒரு கோளாறு. வளைவு வந்தால் பைக்கில்போல் உடம்பைச் சாய்ப்பாள். "கார் சாயாதும்மா, நீங்கதான் சாயுறீங்க!" என்று பயிற்சிக்காரர் தினமும் தலையில் அடித்துக்கொள்வார்.

டெஸ்ட் நாளன்று அதிகாரி உர்ரென்று பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் வளைவிலேயே அத்தை இடதுபக்கம் சாய்ந்தாள். அடுத்ததில் வலதுபக்கம். மூன்றாவது வளைவில் அதிகாரியும் சேர்ந்து சாய்ந்தார். மைதானச் சுவருக்கு வெளியே செங்கல்மேல் ஏறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வாலுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் கடைசியில், இரண்டு கம்பங்களுக்கு நடுவே ரிவர்ஸ் எடுக்க வேண்டும். உரசினால் தீர்ந்தது, மாதக் கடைசிக்குள் இன்னொரு வாய்ப்புக் கிடையாது. கார் ஒருமுறை உறுமி நின்றுபோனது. வாலுவின் சிரிப்பும் நின்றது. அத்தை மறுபடி சாவியைத் திருப்பினாள். பின்னால் நகர்ந்த கார், உறைக்குள் போகும் மூக்குக்கண்ணாடியைப்போல அலுங்காமல் கம்பங்களுக்கு நடுவே நுழைந்து நின்றது.

அதிகாரி இறங்கினார். "பாஸ். எதுக்கும்மா சாயுறீங்க? எனக்கும் தொத்திக்கிச்சு."

வாலு வாசலுக்கு ஓடி, அப்போதுதான் வந்தவள்போல் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். "இந்தப் பக்கம் கடைக்கு வந்தேன் அத்தை. ஃபெயில் ஆனா சிரிச்சுட்டுப் போலாம்னு பார்த்தேன். ஏமாத்திட்டீங்க."

"அப்படியா?" அத்தை அவள் சட்டையில் ஒட்டியிருந்த செங்கல் தூளைத் தட்டிவிட்டாள். "ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்க்கணும்னு சொல்லிக் கொடுத்திருக்காங்கடி. சுவத்துக்கு மேல ஒரு தலை தெரிஞ்சுது. கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, ரெண்டு கையையும் கூப்பிக்கிட்டு. அது நான் ஃபெயில் ஆகவா?"

வாலு மூக்கை உறிஞ்சினாள்.

"மூக்கைத் துடை. வா, மாமாகிட்ட நீயே சொல்லு."