கோபத்தில் அடைத்த ஜன்னல்

காளையார்கோவில் பக்கத்துக் கொத்தனார் வீரபாண்டிக்கு துபாய் ஜெபல் அலி கேம்பில் வைத்த பெயர் தூக்குக்குண்டு. அவன் கட்டிய சுவரில் நூல் பிடித்தால் நூலுக்குத்தான் வெட்கமாக இருக்கும் என்று ரூமில் கேலி பேசுவார்கள். அதைக் கேட்டால் அவனுக்கு வாயெல்லாம் பல். கயிற்றில் கட்டித் தொங்கவிட்டுச் சுவரின் நேர் பார்க்கும் அந்தத் தூக்குக்குண்டு இல்லாமல் அவன் டூட்டிக்குப் போனதே கிடையாது.

அப்பேர்ப்பட்டவனை இரண்டாயிரத்து ஆறில் ஒரு புது சைட்டுக்கு அனுப்பினார்கள். யாரோ ஒரு முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. இத்தாலியில் மலைமேல் இருக்கும் மொந்தல்தோரா என்ற சின்ன ஊரை அப்படியே துபாய் மணலில் எழுப்பி, உள்ளே கடை கண்ணி வைக்க வேண்டுமாம். ஊர் கட்ட மலை வேண்டுமே? லாரி லாரியாக மண்ணைக் கொட்டி முதலில் மலையைச் செய்தார்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே செய்தார்கள்.

ஊர்ச் சதுக்கத்துப் பெரிய வீட்டை இரண்டு கட்டாகப் பிரிக்கும் சுவர் வீரபாண்டி பங்குக்கு வந்தது. நடுவில் கல் வைத்து அடைத்த பழைய ஜன்னல் ஒன்றும் வரைபடத்தில் இருந்தது. கல்லை இப்படியும் அப்படியுமாகச் சாய்த்து வரைந்திருந்தார்கள். வரைந்தவன் அரைத் தூக்கத்தில் வரைந்திருப்பான் என்று வீரபாண்டி முடிவு கட்டி, அத்தனையையும் நேராக்கிக் கட்டினான். ரசமட்டத்தில் குமிழி அசையவில்லை. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சுவர் பாஸானால் லீவு. ஆவணியில் அவனுக்குக் கல்யாணம். பெண் அகிலா, மானாமதுரை. சுவர் பாஸான மறுநாளே டிக்கெட் கையில் தருவதாக ஃபோர்மேன் சுஐபு பாய் சொல்லியிருந்தார். கீழக்கரைக்காரர், சொன்னால் சொன்னதுதான்.

சுவரைப் பார்த்து பாஸ் போட ஜூலியா மேடம் வந்தார். அந்த மொந்தல்தோராவிலேயே பிறந்தவர். சுவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சுஐபு பாயிடம் இங்கிலீஷில் என்னவோ சொன்னார்.

"ரொம்ப அழகா இருக்காம்பா," என்றார் பாய். "இடிக்கச் சொல்றாங்க."

"எங்க பாய் கோணல்?"

"எங்கயும் இல்ல. அதான் பிரச்சனை."

வீரபாண்டிக்கு முகம் தொங்கிப்போயிற்று. மேடத்துக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தன் ஊர்க் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். பாய் அதைத் தமிழாக்கினார், கொஞ்சம் மசாலா சேர்த்து.

கீழே சதுப்புக் காடு, கொசு, காய்ச்சல். போதாததற்குக் கொள்ளைக்காரன் தொல்லை. பிழைத்தால் போதும் என்று மலையேறிய சனம் கட்டிய ஊர் அது. மணிக்கூண்டு பாதி எழும்பும்போது கொள்ளைநோய் வந்து கொத்தனார்களையே வாரிக்கொண்டு போயிற்று. பேரன்மார் வந்து மீதியை வேறு கல்லில் முடித்தார்கள். அதனால்தான் கூண்டு கீழே வெள்ளை, மேலே பழுப்பு. இந்தப் பெரிய வீட்டில் அண்ணன் தம்பி இருவர் சேர்ந்திருந்தார்கள். ஒரு கிணற்றுக்காகச் சண்டை. அண்ணன் முகத்தில் முழிக்கவே கூடாது என்று, இரண்டு கட்டுக்கும் நடுவே இருந்த ஜன்னலைத் தம்பி தன் கையாலேயே கல் வைத்து அடைத்தான். பின்னால் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தபோது அதில் ஒரே ஒரு கல்லை மட்டும் யாரோ உருவியிருந்தார்கள். அந்தச் சந்து வழியாகப் பலகாரத் தட்டு போயிற்றாம்.

கதை நன்றாகத்தான் இருந்தது. கை கேட்க வேண்டுமே! வீரபாண்டி இடித்துவிட்டுக் கோணலாக வைத்தான். நேராக வந்தது. மறுபடி இடித்தான். மறுபடியும் நேர். கண் கோணலைப் பார்த்ததும் விரல் தானாகத் தட்டி நிமிர்த்திவிடும். நாள் ஓடியது. ஆவணி போனால் புரட்டாசி, புரட்டாசியில் யார் கல்யாணம் வைப்பார்கள்?

வெள்ளிக்கிழமை அகிலாவுக்குப் போன் செய்தான். வழக்கமாக அந்தப் பேச்சு ரொம்பச் சுருக்கம். "சாப்டியா?" "ம்." "மழையா?" "ம்ஹூம்." பக்கத்திலேயே அவள் அப்பா கோபாலசாமி உட்கார்ந்து இருமிக்கொண்டிருப்பார்.  அன்றைக்கு வீரபாண்டி, கல்யாணம் தள்ளிப்போகலாம் என்று சொல்ல வாய் வராமல், அந்த ஊர்க் கதையை முழுக்கச் சொல்லித் தீர்த்தான்.

 மறுமுனையில் அவள் அப்பாவின் இருமல் நின்றிருந்தது.

"ஏங்க," என்றாள் அகிலா. நிச்சயமான நாளிலிருந்து அவள் தானாகப் பேசிய முதல் வார்த்தை. "அந்தத் தம்பி கோபத்துலதான அடைச்சாரு?"

"ஆமா."

"அண்ணன் மேல வெறியா நிக்கிற மனுசன் மட்டம் பார்த்தா கல்லு வைப்பாரு?"

 அந்த நிமிஷமே வீரபாண்டி அவள்மேல் உயிரையே வைத்துவிட்டான்.

மறுநாள் காலை தூக்குக்குண்டை சுஐபு பாயிடம் நீட்டினான். "வச்சுக்கங்க பாய். கெஞ்சிக் கேட்டாலும் குடுக்காதீங்க."

பிறகு அவன் கொத்தனார் இல்லை, கதையில் வந்த அந்தத் தம்பி. "கிணத்துலயா தகராறு பண்ற? இனிமே நீ யாரோ நான் யாரோடா!" என்று வைதுகொண்டே ஒவ்வொரு கல்லையும் அறைந்து வைத்தான். வெயில் தலைக்கேறிவிட்டதோ என்று பாய் தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தார். கடைசியில் ஒரு கல்லுக்கு மட்டும் இடம் விட்டான்.

மேடம் வந்து பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அந்தச் சந்துக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, பாயிடம் என்னவோ சொன்னார்.

"என்ன பாய் சொல்றாங்க?"

"யல்லா, ஊருக்குக் கிளம்புங்கிறாங்க."

ஆவணியிலேயே கல்யாணம் நடந்தது. பந்தலில் சுவரின் போட்டோ கைமாறியது. வீரபாண்டியின் தாய்மாமன் வேலுச்சாமி, வீடு கட்டும் கான்ட்ராக்டர், அதைத் தூக்கிப் பிடித்துச் சத்தமாகச் சொன்னார்: "துபாய்க்குப் போயி இதையாடா கட்டுன? சின்னப்பய மண்ணுல வச்சா இதைவிட நேரா இருக்கும்!"

பந்தலே சிரித்தது. மாப்பிள்ளை தலை கவிழ்ந்தது.

"அவரு கட்டலை மாமா," என்றாள் மணப்பெண். "அது தம்பி கட்டுனது. கோபத்துல கட்டுனா அப்படித்தான் இருக்கும்."

சிரிப்பு நின்றது. "எந்தத் தம்பி?" என்று ஆளாளுக்கு விழித்தார்கள். அவள் சொல்ல வாயெடுப்பதற்குள், பந்தி விசாரித்துக்கொண்டிருந்த கோபாலசாமி சாம்பார் வாளியோடு ஓடிவந்தார்.

"கொஞ்சம் பொறும்மா, நானும் வந்துட்டேன். அன்னைக்குப் போன்ல அரைகுறையாக் காதுல விழுந்ததுலேருந்து மண்டை காயுது. அந்தக் கல்லை உருவுனது அண்ணனா, தம்பியா?"