ஜப்பானில் ஒரு பெண் வேஷக்காரர்

பத்திரிகையில் இருந்த புகைப்படத்தை என் மூக்குக்கு நேரே நீட்டி, "ஜப்பான்காரி என்னா சுந்தரி பாத்தியா?" என்றான் நண்பன். போர்ட் கொச்சியில் ஒரு கப்பல் ஏஜெண்டிடம் டைப்பிஸ்டாக இருந்தான். கப்பலில் வரும் ஆங்கிலப் பத்திரிகைகள் அவனுக்குச் சும்மா கிடைக்கும்.

ஒரு பார்வை பார்த்தேன். "இது ஆம்பளடா" என்றேன்.

சாயாக்கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தான். நான் விடவில்லை. தொண்டை முடிச்சு தெரியாமல் மோவாயைத் தாழ்த்தியிருந்தது, மணிக்கட்டை உடைக்குள் இழுத்துக்கொண்டது, தோள் குறுகுவதற்காக முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்தது எல்லாம் நான் மேடையில் செய்யும் திருட்டுத்தனங்கள். மட்டாஞ்சேரியில் மிளகுக் கிடங்கில் சாக்குத் தைப்பது என் வேலை. எங்கள் தெருத் தமிழ்க்காரர்கள் கோயில் திருவிழாவுக்குப் போடும் நாடகத்தில் வருஷா வருஷம் நான்தான் கதாநாயகி.

அவன் கட்டுரையைப் படிக்கப் படிக்க, முகத்தில் அசடு வழிந்தது. படத்தில் இருந்தவர் பெரிய சினிமா இயக்குநராம். அது இளமையில் அவர் கட்டிய பெண் வேஷமாம்.

"முழுசும் படி" என்றேன். எனக்கு அது தேவையாக இருந்தது. அந்த வாரம்தான் நாடகக் கமிட்டி, இனி நிஜப் பெண்ணையே கொண்டுவருவது என்று முடிவு செய்திருந்தது. 'ஆம்பளை சேலை கட்டினா இனி ஜனம் சிரிக்கும்' என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். நேற்றுவரை அதே ஜனம் விசில் அடித்தது அவர்களுக்கு மறந்துபோயிற்று. தோழி வேஷம் கட்டுகிறவன் கொதித்துப்போய், "ரெண்டு பேரும் வெளிய போயிருவோம், அப்பத்தான் இவன்களுக்குப் புத்தி வரும்" என்றான். நானும் ஏறக்குறைய தலையாட்டிவிட்டேன்.

நண்பன் படித்துச் சொன்னான். அந்த ஜப்பான்காரர் சிறு வயதில் ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் இருந்தவர். அன்றைய சினிமாவில் அங்கேயும் பெண் வேஷம் ஆண்களுக்குத்தான். பிறகு நடிகைகள் வந்தார்கள். பெண் வேஷக்காரர்கள் கோபித்துக்கொண்டு ஸ்டூடியோவை விட்டுக் கூட்டமாக வெளியேறினார்கள். இவர் மட்டும் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றார். கையில் காசில்லாமல், நடிகர்களையே செட்டுச் சுமக்கவைத்துப் படம் எடுத்தார். எடுத்தவற்றில் பாதிக்கு மேல் அழிந்துபோயிற்றாம்.

"வெளிய போனவங்க என்ன ஆனாங்க?"

பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அதொன்னும் எழுதலடா."

மறுநாள் கமிட்டிக்குப் போய், இந்த வருஷம் நாடகத்தைப் பழக்கி மேடையேற்றுவது நான்தான் என்றேன். "சேலை போனதும் மூளை வந்துருச்சோ?" என்று ஒருவர் கேட்டார். எல்லாரிடமும் திட்டு வாங்கும் அந்த வேலைக்கு வேறு ஆளும் இல்லாததால் எனக்கே கொடுத்தார்கள்.

நடிகை எர்ணாகுளத்திலிருந்து படகில் தன் அம்மாவோடு வந்தாள். சாயங்காலம் கிடங்கிலேயே ஒத்திகை. மிளகுத் தூசியில் ஆளுக்கு ஆள் தும்முவோம். ஜெயிலுக்குப் போன புருஷன் பல வருஷம் கழித்து வாசலில் வந்து நிற்கும் காட்சி. அந்த இடத்தில் நான் ஓவென்று அழுது காலில் விழுவேன், கைதட்டல் காதைப் பிளக்கும். அதை அப்படியே அவளுக்கு நடித்துக் காட்டினேன்.

கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். "சேட்டா, செஞ்சு காட்டாதீங்க. அப்போ அவளுக்கு என்ன வேணும்? அத மட்டும் சொல்லுங்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேற்று வந்தவள்! ஆனால் இத்தனை வருஷமாக அந்த மனைவியாகவே நடித்தும், அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

நேரே நண்பனிடம் ஓடி, "அந்த ஆளு நடிகைகளுக்கு எப்பிடிச் சொல்லிக்கொடுத்தாரு?" என்றேன். அது எழுதியிருக்கவில்லை. பேசாத படங்களில் நடுநடுவே வசனத்தை எழுதிக் காட்டுவார்களாம், அதுகூட வேண்டாம், முகமே போதும் என்று அவர் ஒரு தடவை பிடிவாதம் பிடித்தார் என்று மட்டும் இருந்தது. அன்றே அந்தக் காட்சியின் வசனத்தை முழுக்கக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

அடுத்த ஒத்திகையில் அவளிடம் சொன்னேன்: "அவன் மேல கோபம் அடங்கல. ஆனா சாப்பிட்டானா இல்லையான்னு தெரியணும்." அவள் மெதுவாகத் தலையாட்டினாள்.

கடைசி ஒத்திகைக்குக் கிடங்கு முதலாளி வந்தார். நாடகச் செலவு அவருடையது, என் சோறும் அவருடையது. நடிகை வரத் தாமதமானதால், புருஷன் எங்கே நிற்க வேண்டும் என்று பார்க்க அவள் இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். முதலாளி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னத்துக்கு வெளி ஆளு? தம்பியே செய்யட்டும். அந்தப் புள்ளைக்கு உள்ளதக் குடுத்து அனுப்பிருங்க" என்றார். கமிட்டி உடனே பல்லை இளித்துக்கொண்டு ஆமாம் போட்டது. வாசலில் அவள் வந்து நிற்பதை அப்போதுதான் பார்த்தேன்.

எனக்கு வேண்டியிருந்தது அதுதான். பொய் சொல்ல மாட்டேன், உடம்பெல்லாம் இனித்தது.

"இல்ல முதலாளி" என்றேன். "அவங்கதான் நடிக்கணும். அவங்க இல்லேன்னா நாடகம் இல்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். "சொதப்பிச்சுன்னா வேலையும் போச்சு, பாத்துக்க" என்றார் கமிட்டிக்காரர் ஒருவர். அது எனக்கும் தெரிந்ததுதான்.

திருவிழா அன்று கோயில் மைதானத்தில் நல்ல கூட்டம். முதலாளி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தக் காட்சி வந்தது. அவள் அழவில்லை. புருஷனைப் பார்த்தாள், உள்ளே போனாள், சோற்றுத் தட்டோடு வந்து அவன் முன்னால் ணங்கென்று வைத்தாள். பிறகு நகராமல் நின்றாள்.

ஒருவரும் கை தட்டவில்லை. விசில் இல்லை. முன்வரிசையில் ஒரு அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். முதலாளி குனிந்து தரையைப் பார்த்தார். அப்படி ஓர் அமைதி எனக்காக ஒரு தடவைகூட விழுந்ததில்லை.

பொறாமையில் எரிந்தேன். அந்த எரிச்சலோடுதான் கவனித்தேன், அவள் முகத்தில் பாதி இருட்டாக இருந்தது. படுதாவுக்குப் பக்கத்தில் பெட்ரோமாக்ஸ் வைத்திருந்தவனிடம் "தூக்கு, தூக்கு" என்று கிசுகிசுத்தேன். அவனும் வாயைப் பிளந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கை நானே பிடுங்கித் தலைக்கு மேலே தூக்கினேன். வெளிச்சம் அவள் முகத்தில் முழுதாக விழுந்தது. கை சுட்டது. காட்சி முடியும்வரை இறக்கவில்லை.