பாதிவழிக்காரன் பிரமிடுக்குள் போன கதை

முதல் நாள், காலை ஆறேகால் மணி. திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் நாகர்கோவில் வழி திருவனந்தபுரம் வண்டி கிளம்புவதற்குள் மூன்று தடவை இறங்கிவிட்டேன். ஒரு தடவை தண்ணீர் பாட்டிலுக்கு. ஒரு தடவை கழிப்பறைக்கு. மூன்றாம் தடவை வீட்டுக்குப் போவதற்கு. மூன்றாவதில் என்னை மறித்துத் திரும்ப ஏற்றிவிட்டவர் சுப்பையா அண்ணாச்சி. அம்பாசமுத்திரம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் முத்திரைத்தாள் விற்கிறவர். அவருக்கு அடுத்த மேசையில் இருபத்தேழு வருடமாக நான் பத்திரம் எழுதுகிறேன்.

"ஏறுலே. நீ மட்டும் எகிப்துல எல்லாத்தையும் பாத்துட்டுச் சொன்ன தேதிக்குத் திரும்பி வந்துட்டன்னா, நான் மீசைய எடுத்துருதேன்" என்றார். வழியனுப்ப வந்தவர் பேசுகிற பேச்சா இது?

ஆனால் அவரைக் குறை சொல்ல முடியாது. காசிக்குக் கிளம்பி, சிலிண்டரை மூடினேனா என்ற சந்தேகத்தில் மதுரையில் இறங்கியவன் நான். சிங்கப்பூருக்குக் கிளம்பி, விமான நிலைய வாசலில் தலை சுற்றித் திரும்பியவன். மாஞ்சோலை பஸ்ஸில் முதல் கொண்டை ஊசி வளைவிலேயே விசில் அடிக்கச் சொல்லி இறங்கி, மணிமுத்தாறுக்கு நடந்தே வந்தவன். அலுவலக வட்டாரத்தில் என் பெயர் கல்யாணசுந்தரம் என்பது பத்திரத்துக்கு மட்டும்தான் தெரியும். மற்றவர்களுக்கு நான் 'பாதிவழி'. வயது ஐம்பத்திரண்டு ஆகிவிட்டது. இந்தத் தடவையும் திரும்பினால் கல்லறையில்கூட அதைத்தான் எழுதுவார்கள். எங்கள் வழக்கத்தில் கல்லறை இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

என் மனைவி மீனாட்சி பந்தயம் எதுவும் கட்டவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"அங்கன பூராவும் பொணம் வச்ச எடமாம்லா? ஒவ்வொரு தடவையும் தலைக்குக் குளிச்சிட்டுத்தான் சாப்பிடணும். கேட்டியளா? என்னத்துக்கு முழிக்கிய?"

சாவு வீட்டுக்குப் போனால் குளிக்காமல் சாப்பிடக் கூடாது. மூவாயிரம் வருடத்துக்கு முந்தைய சாவுக்கும் அது பொருந்துமா என்று நான் கேட்கவில்லை. பயணமே இல்லாமல் போய்விடும்.

இரண்டாம் நாள், காலை எட்டரை மணி. கிஸா. கெய்ரோ நடுவிலிருந்து வாடகைக் காரில் முக்கால் மணி நேரம். நான் போனபோது வளாகத்துக்கு எழுநூறு பவுண்டு, அதாவது நம் காசில் ஆயிரத்து இருநூறு சொச்சம். பெரிய பிரமிடின் உள்ளே போகத் தனிச்சீட்டு.

அதை முதல்முதலாகப் பார்த்ததும் என்னை அறியாமல் என் விரல் எழுதத் தொடங்கிவிட்டது. 'பாலைவனத்துக்குக் கிழக்கு, கோழி வறுவல் கடைக்கு மேற்கு, ஒட்டகம் நிற்கும் பாதைக்குத் தெற்கு, இரண்டாவது பிரமிடுக்கு வடக்கு, இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட கல் கட்டடம் ஒன்று.' ஒவ்வொரு கல்லும் என் மார்பு உயரம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து நரம்பு கேள்வி கேட்கிறது.

உள்ளே முதலில் ஒரு குகை. அதன்பின் ஏற்றம். நாலடி உயரம், நூற்றிருபது அடி தூரம். அகலம் எனக்கும் எதிரே இறங்கி வருகிறவரின் மூச்சுக்கும் சரியாக இருந்தது. குனிந்தபடியே மரப்பலகையில் ஏற வேண்டும். அறுபதடி ஏறினேன். அங்கே என் மூளைக்கு ஒரு யோசனை வந்தது: தலைக்கு மேலே எவ்வளவு கல் இருக்கும்? அவ்வளவுதான். அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வேர்வையில் சட்டை நனைந்தது. யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் வாய்விட்டுக் கத்தினேன்.

"பாபநாசத்து உலகம்மா, தாயே, என்னயக் காப்பாத்தும்மா!"

பின்னால் இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணாச்சி, பாபநாசத்துக்கு இங்கன இருந்து கேக்காது. பைய எறங்கும். பின்னால நாப்பது பேரு நிக்கோம்."

பிரமிடின் வயிற்றுக்குள் நெல்லைத் தமிழ்! நான் செத்துவிட்டேன் என்றும், எமலோகத்தில் வரவேற்புக்கு நம் ஊர் ஆளைப் போட்டிருக்கிறார்கள் என்றும் முடிவு செய்துவிட்டேன்.

"நீரு மொதல்ல எறங்கும்வே" என்றேன்.

"எனக்குப் பின்னால ஒரு வெள்ளக்காரம்மா. அவங்களுக்குப் பின்னால ஒரு பஸ்ஸு ஆளு. எல்லாரும் பின்பக்கமாத்தான் எறங்கணும். ஒமக்குப் புண்ணியமாப் போவும், கத்தாம வாரும்."

நாற்பது பேரும் எனக்காக படி இறங்கும் குழந்தை மாதிரிப் பின்னோக்கி இறங்கினார்கள். வெளியே வந்ததும் வெயிலில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துகொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் செருப்பு வாரைச் சரிசெய்தேன். வாருக்கு ஒரு குறையும் இல்லை.

குரலுக்கு உரியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெயர் செய்யது, ஊர் காயல்பட்டினம். அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் நானும் காக்கா என்றே கூப்பிட்டேன். சவூதியில் முப்பது வருடம் சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்துவிட்டு, ஊருக்கு நிரந்தரமாகத் திரும்பும் வழியில் தனியாகச் சுற்றுகிறார். அவருக்குப் பின்னால் நின்ற அம்மாள் இனேஸ். போர்ச்சுகலில் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவரும் தனி ஆள். முழங்கையில் சிராய்ப்பைத் துடைத்துக்கொண்டே என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: "என் வேலையில் திரும்பி வந்த பார்சல் எத்தனையோ பார்த்திருக்கிறேன். நாற்பது பேரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு திரும்பிய பார்சல் இதுதான் முதல்."

மத்தியானம் கைபேசியில் விமானத் தேதியை மாற்ற வழி பார்த்துக்கொண்டிருந்தேன். காக்கா எட்டிப் பார்த்தார்.

"டிக்கெட்ட மாத்தப் போறீரா?"

"ஆமா காக்கா. வீட்டுல கொஞ்சம் வேல..."

"மாத்தும். சாப்பிட்டுட்டு மாத்தும்."

சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே தக்காளிச் சாறும் பொரித்த வெங்காயமும். கோஷரி என்கிறார்கள். சைவக்காரனுக்கு எகிப்தில் அதுதான் தெய்வம். குளித்துவிட்டுத்தான் சாப்பிட்டேன், பாதி பிரமிடுதானே என்று மீனாட்சிக்குத் தெரியாமல் பாதிக் குளியல், தோள் வரைக்கும். இரண்டு தட்டு முடிந்தபோது தேதி மாற்றும் வேகம் போய்விட்டது. காக்கா மறுநாள் லக்சர் ரயிலுக்கு மூன்று சீட்டு எடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள், ரயில். கெய்ரோவிலிருந்து லக்சர் அறுநூற்றெழுபது கிலோமீட்டர், பத்து மணி நேரம். பாதை முழுவதும் ஒரு பக்கம் வாய்க்கால், பேரீச்சை, கரும்பு. அதற்கு அப்பால் சட்டென்று வெறும் மணல். ஆறு தொட்ட இடம் பச்சை, தொடாத இடம் சூனியம். ஆற்றுப் பாசன ஊர்க்காரனுக்கு அந்தக் கோடு நன்றாகவே புரியும். இனேஸ் ஜன்னல் கண்ணாடியைத் தட்டி அவர் மொழியில் 'ஜனேலா' என்றபோது, காக்கா "எங்கள்ட்ட இருந்து திருடுனதா, எங்களுக்குக் குடுத்ததா?" என்று சண்டைக்குப் போனார். சாவி, மேசை, அலமாரி என்று மினியா நிலையம் வரும்வரை கணக்குத் தீர்த்தார்கள்.

பிறகு இனேஸ் கேட்டார்: "உங்கள் ஊரில் மிகப் பழையது என்ன?"

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "ஆதிச்சநல்லூர். எங்கள் ஆற்றங்கரையில். இறந்தவர்களைப் பெரிய மண் தாழியில் வைத்துப் புதைத்த இடம். மூவாயிரம் வருடத்துக்குக் குறையாது."

"உள்ளே போய்ப் பார்க்கும்போது எப்படி இருக்கும்?"

நான் காக்காவைப் பார்த்தேன். காக்கா வெளியே கரும்பைப் பார்த்தார். திருச்செந்தூர் போகிற வழியில் நானும், அவர் ஊருக்குப் போகிற வழியில் அவரும், அந்தப் பெயர்ப்பலகையை நூறு தடவை தாண்டியிருப்போம். ஒரு தடவைகூட இறங்கியதில்லை.

"பஸ்ஸுல இருந்து நல்லாத் தெரியும்" என்றார் காக்கா மெதுவாக.

நான்காம் நாள். அரசர்களின் பள்ளத்தாக்கு. ஒரு சீட்டுக்கு மூன்று கல்லறை. இங்கே வழி அகலம், விளக்கு உண்டு, நான் கத்தவில்லை. சுவர் முழுக்க நேற்றுத் தீட்டியதுபோல் நீலமும் மஞ்சளும். ஓரிடத்தில் பழைய அரசன் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டு அடுத்தவன் தன் பெயரை வெட்டியிருந்தான். "போலிப் பத்திரம்" என்றேன். தொழில் எங்கே போனாலும் விடாது.

மாலை நாலரைக்கு மேற்குக் கரைப் படகுத்துறை. பசி. பசித்தால் குளிக்க வேண்டும். எதிரே நைல், தாமிரபரணியைப் போல் பத்து மடங்கு. சட்டையைக் கழற்றி, துண்டைக் கட்டி இறங்கினேன். கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் ஐந்து வயதிலிருந்து முங்குகிறவன் நான். மூன்று அரசர்கள், மூன்று முங்கு. மூன்றாவதில் அந்தக் குளிர்ச்சி சுகமாக இருக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியிலேயே கொஞ்சம் கிடந்தேன்.

தலைமுடியை யாரோ பிடித்து இழுத்தார்கள். பாய்மரப் படகுக்காரர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், நீள அங்கியோடு குதித்து என்னைக் கரைக்கு இழுத்துப் போட்டார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அரபியில் அழுகிற குரலில் பேசினார்.

"என்ன சொல்லுதாரு காக்கா?"

"எந்தக் கஷ்டமா இருந்தாலும் பேசித் தீத்துக்கிடலாமாம். புள்ளைகள நெனச்சுப் பாக்கணுமாம்."

காக்கா விளக்கினார்: தற்கொலை இல்லை, இவர்கள் ஊரில் சாவு வீட்டுக்குப் போனால் இப்படித்தான். படகுக்காரர் முகம் இன்னும் வாடியது. யார் இறந்தது என்று கேட்டார். அரசர்கள் என்றார் காக்கா. எப்போது? காக்கா மலையைக் கைகாட்டினார். படகுக்காரர் மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சொட்டச் சொட்ட நின்ற தன் அங்கியைப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்து எனக்கு முறைப்படி துக்கம் விசாரித்துவிட்டு, படகில் ஏற்றித் தேநீர் போட்டுக் கொடுத்தார். இனேஸ் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது.

திரும்பும்போது காக்கா கேட்டார்: "தண்ணிக்கு அடியில மூச்சப் பிடிச்சிட்டு அம்புட்டு நேரம் கெடந்தீரே, காத்து இருக்க எடத்துல என்னத்துக்குவே அப்படிக் கத்துனீரு?"

துண்டை இன்னொரு தடவை பிழிந்தேன். ஆனால் கேள்வி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஆறாம் நாள் இனேஸ் அஸ்வானுக்கும் காக்கா ஊருக்கும் கிளம்பினார்கள். நான் இரவு ரயிலில் கெய்ரோவுக்குத் திரும்பினேன். ஏழாம் நாள், காலை எட்டு மணி, கிஸா. மறுபடி ஒரு சீட்டு. இந்தத் தடவை பின்னால் தமிழ் கிடையாது.

குகை முடியும் இடத்தில் நின்றேன். எங்கள் படித்துறையில் கடைசிப் படியிலிருந்து எதிரே உள்ள பாறைவரை ஒரே மூச்சில் முங்கிப் போவோம். மேலே எவ்வளவு தண்ணீர் என்று யாரும் யோசிப்பதில்லை. பாறையை மட்டும் நினைப்போம். அப்படியே குனிந்தேன். அறுபதடியில் முழங்கால் பழைய இடத்தை அடையாளம் கண்டு உட்காரப் பார்த்தது. பாறையை மட்டும் நினைத்து ஏறினேன். கூரை சட்டென்று உயர்ந்தது. அப்புறம் பெரிய ஏற்றம், மறுபடி ஒரு குனிவு, பிறகு கறுத்த கல் அறை.

உள்ளே ஒரு கல் பெட்டி. மூடி இல்லை, ஆள் இல்லை, சொத்து இல்லை. அதைப் பார்க்கத்தானா இத்தனை பாடு என்று சிரிப்பு வந்தது. அடுத்த கூட்டம் வருமுன் ஒரு நிமிடம் நான் மட்டும். நிமிர்ந்து நின்று, பத்திரத்தில் எழுதுவதுபோல் உரக்கச் சொன்னேன்: "அம்பாசமுத்திரம் வட்டம், கல்லிடைக்குறிச்சி, சங்கரலிங்கம் மகன் கல்யாணசுந்தரம், வயது ஐம்பத்திரண்டு." அறை அதை இன்னொரு தடவை சொன்னது. என் பெயர் அவ்வளவு கம்பீரமானது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

சொன்ன தேதிக்கு ஊர் வந்து சேர்ந்தேன். சுப்பையா அண்ணாச்சி பிரமிடுச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அரபில இருக்குலே, எவன் கண்டான்" என்றார். ஆனாலும் சாயங்காலம் மீசை இல்லாமல் வந்தார். பத்து வயது குறைந்து, பத்து மடங்கு கோபத்தோடு.

அடுத்த ஞாயிறு திருச்செந்தூர் பஸ் ஏறினேன். கோயிலுக்குத்தான் சீட்டு எடுத்தேன். கருங்குளம் தாண்டியதும் எழுந்தேன்.

"அண்ணாச்சி, திருச்செந்தூருக்குல்லா எடுத்திருக்கிய?" என்றார் நடத்துநர்.

"ஆதிச்சநல்லூர்ல எறக்கிவிடும்வே. எனக்குப் பாதி வழி போதும்."

அங்குள்ள அருங்காட்சியகத்தின் கண்ணாடித் தளத்தின்மேல் நின்று குனிந்து பார்த்தேன். தோண்டிய குழிக்குள், வைத்த இடத்திலேயே தாழிகள். தங்கம் இல்லை, நீலம் இல்லை. நூற்றிருபது அடி ஏறவும் வேண்டாம். பிரமிடுப் பெட்டி காலி. இங்கே தாழிக்குள்ளும் வெளியிலும் சின்னச் சின்னச் சட்டிகள். போகிறவருக்குப் பசிக்கும் என்று யாரோ வைத்தவை. காக்காவுக்கும் இனேஸுக்கும் படம் அனுப்பினேன். "உள்ள போயிட்டீரா?" என்று காக்காவிடமிருந்து உடனே பதில். "வெள்ளிக்கெழம நானும் எறங்குதேன்."

வெளியே வந்து வடக்கே நடந்தேன். ஆறு பக்கத்தில்தான். பசி எடுத்தது, துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். நைலில் மூன்று அரசருக்கு மூன்று முங்கு. இங்கே தாழிகள் புதைந்த பரம்பு மேடு முழுக்க நம் ஆட்கள், எத்தனை பேர் என்று எனக்குத் தெரியவில்லை. விரல் நுனி சுருங்கும்வரை முங்கிக்கொண்டே இருந்தேன்.