அடுகோடிக் குளத்து ஈ

அடுகோடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. ஐம்பதுகளில் பி.எஸ்சி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். காலேஜ் விட்டு வந்ததும் அந்தக் கரைச் சேற்றில் போய்க் குந்திக்கொள்வேன். அங்கே அரிசி மணியைவிடச் சின்னதாக ஒரு கறுப்பு ஈ. கும்பிடுபூச்சிக்கு இருப்பதுபோல முன்னங்கால்கள் தடித்து மடங்கியிருக்கும். தண்ணீர் விளிம்பில் காத்திருந்து, கொசுப் புழுவை அந்தக் கால்களால் வெடுக்கென்று இழுத்துத் தின்னும்.

மருந்துக் குப்பியில் ஒன்றைப் பிடித்துப்போய் எங்கள் லெக்சரரிடம் காட்டினேன். லென்ஸ் வைத்துப் பார்த்தவர் நிமிர்ந்து, "இதை எங்கேம்மா பிடிச்சே?" என்றார். தொடர்ந்து கவனிக்கச் சொன்னார். அந்த மழைக்காலம் முழுக்கப் புடவைக் கரையெல்லாம் சேறாக உட்கார்ந்து, அது என்ன தின்கிறது, எப்படிச் சண்டை போடுகிறது என்று பார்த்துப் பார்த்து அவரிடம் சொன்னேன்.

வருஷக் கடைசியில் காலேஜ் கூட்டத்தில் அவர் அந்த ஈயைப் பற்றிப் பேசினார். "நான் ஒரு குளக்கரையில் கண்டது" என்றுதான் ஆரம்பித்தார். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் நான் சொன்ன வார்த்தைகள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வெளியே வந்ததும் கேட்டுவிட்டேன். "சார், என் பேரை ஒரு வார்த்தை..."

"நாளைக்குக் கல்யாணம் ஆகிப் போற பொண்ணு. உனக்கெதுக்கும்மா இதெல்லாம்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ. சிரித்துக்கொண்டே சொன்னார்.

அப்பாவிடம் அழுதேன். "அவர் சொல்றதுல என்ன தப்பு? பெரிய மனுஷர்கிட்ட வாய் குடுத்துட்டு வந்திருக்கே" என்றார்.

கொஞ்ச நாளில் லெக்சரரே வீட்டுக்கு வந்தார். உயிருள்ள ஈக்கள் வேண்டுமாம். அம்மா காபி கொடுத்தாள். அப்பா, "கூட்டிட்டுப் போய்க் காட்டு" என்றார். போனேன். பூட்ஸ் சேற்றில் புதைய நின்று, "எங்கேம்மா?" என்று தேடினார். அவர் பூட்ஸ் பக்கத்திலேயே இரண்டு ஈக்கள் ஒன்றுக்கொன்று காலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தன.

"இன்னிக்கு ஒண்ணும் இல்ல, சார்" என்றேன்.

கரையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டார்.

தை மாசம் எனக்குக் கல்யாணம். அப்புறம் ஒருநாள், கூடப் படித்தவள் அவருடைய கட்டுரை வந்த பத்திரிகையைக் கொண்டுவந்தாள். நன்றி சொன்ன இடத்தில்கூட நான் இல்லை. என் கணவர் வாங்கிப் புரட்டினார்.

"ஒரு ஈயைப் பத்தியா இத்தனை பக்கம்?"

நான் பால் பொங்குகிறது என்று எழுந்து உள்ளே போனேன். அடுப்பில் பாலே வைத்திருக்கவில்லை.