சூசை சுரூபம் தூக்காத திருவிழா

கற்பிட்டிக் கரையோரப் பங்கொன்றில் நான் குருவானவராக இருந்தேன். பூசை முடிவில் திருவிழா அறிவித்தல்களைச் சொல்லும்போது, "இம்முறை ஊர்வலத்தில் நம்ம மீனவர் சூசை புனிதரின் சுரூபம் தூக்கமாட்டார். காரணம் எங்கள் இருவருக்கும் தெரியும்" என்று வேடிக்கையாகச் சொன்னேன். அவருக்கு வலிப்பு. தெரிந்தால் யாரும் கடலுக்குக் கூட்டிப்போகமாட்டார்கள் என்பதால் மறைக்கச் சொல்லியிருந்தார்.

அந்த வாரம் யாரோ ஊர் வலைகளை அறுத்திருந்தார்கள். சனம் என் பேச்சையும் அறுந்த வலைகளையும் முடிச்சுப்போட்டது. கோயில் வாசலிலேயே சூசையைத் துடுப்புகளால் அடித்தார்கள்.

"வலைய வெட்டிட்டு பூசைக்கும் வாறியாடா?"

வாயெல்லாம் இரத்தம். அப்போதும் என்னைப் பார்த்து, "சொல்லிராதீங்க சுவாமி" என்றார்.

"விடுங்கடா! அவருக்கு வலிப்பு வருத்தம்! சுரூபம் தூக்காதது அதுக்காகத்தான்!" என்று கத்தினேன்.

அடி நின்றது. அதன்பின் எந்தப் படகும் அவரை ஏற்றவில்லை.

உயிரைக் காப்பாற்றினேன் என்கிறார்கள். அவரை இரண்டு தடவை அடித்தது என் வாய்தான்.