டோலியைப் போட்டுவிட்டு ஓடியவர்கள்

எங்கள் ஊரில் வண்டிச் சத்தம் கேட்டால் ஆண்கள் ஓடுவார்கள். கல்யாணமாகி வந்த முதல் வாரமே இதைப் பார்த்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தட்டை அப்படியே விட்டுவிட்டு, கைகூடக் கழுவாமல், பின்பக்கமாகக் காட்டுக்குள் போய்விட்டார். நான் பிறந்தது வெள்ளிமலைக்குப் பக்கத்தில். அங்கே பஸ் வரும், ஜீப் வரும். வண்டியைப் பார்த்தால் ஏறுவதற்குத்தான் ஓடுவார்கள். நல்ல இடமாகப் பார்த்துத்தான் என்னைத் தள்ளியிருக்கிறார்கள் என்று அன்றைக்கு என் அப்பாவை மனதுக்குள் திட்டினேன்.

கல்வராயன் மலையில் எங்கள் ஊர் மாதிரி ஊர்கள் நிறைய. மண் ரோடு ஒரு புளியமரத்தடியில் முடிந்துவிடும். அதற்குமேல் ஒற்றையடிப் பாதை, ஏற்றம், நடுவில் ஓர் ஓடை. ரேஷன் அரிசி தலைச்சுமையாகத்தான் வரும். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களும் புளியமரம் வரைக்கும் வந்து, அங்கேயிருந்தே மைக்கில் கும்பிடு சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அந்த மைக் சத்தத்துக்கும் எங்கள் ஆண்கள் ஓடியிருக்கிறார்கள்.

ஊரில் சாராயம் காய்ச்சியது இரண்டு மூன்று வீடுகள்தான். ஓடைக்கரையில் புதருக்குள் பேரல் வைத்து ஊறல் போடுவார்கள். மற்றவர்களுக்குச் சாமையும் மரவள்ளியும்தான் பிழைப்பு. ஆனால் கீழ்நாட்டில் யாராவது குடித்துச் செத்தால் மேலே எல்லார் கதவும் உடையும். போலீஸ் வந்தால் காய்ச்சுகிறவன் வீடு எது, காய்ச்சாதவன் வீடு எது என்று பார்க்கிறதில்லை. கையில் கிடைத்த ஆணை அடித்து இழுத்துப் போவார்கள்.

ஒருமுறை மரவள்ளிக் கிழங்கு ஏற்றுகிற லாரியிலேயே, தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்துகொண்டு வந்துவிட்டார்கள். கிழங்கு வியாபாரி வந்திருக்கிறார் என்று நம்பி மூட்டையோடு இறங்கிப் போனவர்கள் அத்தனை பேரும் மாட்டினார்கள். ஒருவருக்கு விலா எலும்பு போனது. மற்றொருவருக்கு ஒரு காது இன்றைக்கும் கேட்காது. அந்த லாரிக்குப் பிறகு எங்கள் ஊரில் எந்த வண்டிக்கும் நல்ல பெயர் இல்லை. முதலில் சத்தம் கேட்டவர் "வண்டி" என்று நீளமாகக் குரல் கொடுக்க வேண்டும், கேட்டவர் எல்லாரும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஆண்கள் ஓட வேண்டும். இதுதான் ஊர்க்கட்டு.

ஆண்கள் ஓடிய பிறகு நடப்பதையெல்லாம் நாங்கள்தான் பார்க்க வேண்டும். ஒரு நாள் என் வீட்டுக்குள் வந்த போலீஸ்காரர்கள் தானியக் குதிரை உடைத்துச் சாமையை மண்ணில் கொட்டினார்கள், அதன்மேல் மண்ணெண்ணெயை ஊற்றினார்கள். விதைக்கு வைத்திருந்ததும் அதில்தான் இருந்தது. எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. உலக்கையை எடுத்துக்கொண்டு வாசலை மறித்தேன். லத்தி என் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வலியைவிட, கீழே விழுந்த உலக்கையை அந்த ஆள் காலால் உருட்டிவிட்டுச் சிரித்ததுதான் இன்னும் எரிகிறது.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் காட்டிலிருந்து திரும்பி வந்தார். என் கையைப் பார்த்துவிட்டு மூங்கில் பட்டை வைத்துக் கட்டினார்.

"நீ காய்ச்சினியா?" என்றேன்.

"இல்ல."

"அப்ப எதுக்கு ஓடற?"

"நின்னா, காய்ச்சலன்னு சொல்றதுக்குள்ள பல்லு போயிடும்டி" என்றார். கட்டைப் பிரித்த பிறகும் அந்தக் கையால் குடம் தூக்க முடியவில்லை.

அந்த ஊரில் அடி வெளியிலிருந்து மட்டும் வந்ததென்று சொன்னால் பொய். போலீஸிடம் வாங்கியவன் வீட்டில் கொடுப்பான், வரப்புத் தகராறில் அரிவாள் எழும். என்னவர் என்னை அடித்ததில்லை. அந்த ஊரில் அதற்காகவே அவரைக் கேலி செய்தார்கள்.

அந்த வருஷம் மரவள்ளி நன்றாக விளைந்திருந்தது. காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கிக் கிழங்கைத் தோண்டிப் போட்டன. ஒரு நாள் விடிந்ததும் ஒரு பெரிய ஆண் பன்றி எங்கள் கொல்லையிலேயே நின்றது. வெளியே போக வழி தெரியாமல் வேலியை முட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் கத்தியும் கடப்பாரையுமாக இரண்டு பக்கம் நெருங்கினார்கள். நாய்கள் பின்னங்காலைக் கடித்து இழுத்தன. அது திரும்பிய வேகத்தில் ஒரு நாயின் வயிறு கிழிந்தது. அடுத்த பாய்ச்சல் என் வீட்டுக்காரர் மேல்.

பன்றியின் கோரைப்பல் தொடையில் ஏறி, முழங்கால் பக்கம் வரை பிளந்துவிட்டது. அவர் கத்தவில்லை. உட்கார்ந்துவிட்டார். அவருடைய அண்ணன், என் மூத்தார், கடப்பாரையால் பன்றியின் மண்டையில் அடித்தார், அது விழுந்த பிறகும் அடித்தார், அதன் முகமே இல்லாமல் போகிறவரை அடித்தார். நான் ஓடிப்போய்த் தொடையைப் பிடித்தபோது என் விரல்கள் உள்ளே போயின. சூடாக இருந்தது. நாய் ஒன்று வந்து அந்த ரத்தத்தை நக்கியது. அதை உதைத்துத் தள்ளினேன். சேலையைக் கிழித்துத் தொடையின் மேல்பக்கம் பலம் உள்ளமட்டும் இறுக்கிக் கட்டினேன். பீய்ச்சியது நின்று, கசிவு மட்டும் இருந்தது. இந்தக் கட்டு இப்படியே இருந்து, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் பிழைத்துக்கொள்வார் என்று என் மனதுக்குத் தெரிந்தது.

செல்போனில் சிக்னல் கிடைப்பது ஊருக்கு மேலே ஒரு பாறையில்தான். ஏறிப்போய் ஆம்புலன்ஸுக்குப் பேசினேன். எந்த ஊர், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். மண் ரோடு முடிகிற இடம், புளியமரம் என்றேன். வண்டி அங்கே வந்து நிற்கும், ஆளைக் கீழே கொண்டுவாருங்கள் என்றார்கள். அதற்கு முன்னால் எங்கள் ஊருக்கு ஆம்புலன்ஸ் வந்ததே இல்லை.

டோலி கட்டினார்கள். டோலி என்றால் வேறொன்றுமில்லை, ஒரு கம்பளியை மூங்கில் கழியில் தூளி மாதிரி கட்டி, அதில் ஆளைப் படுக்கவைத்து, முன்னும் பின்னும் தோள் கொடுத்துத் தூக்குவது. முன்தோள் மூத்தார் கொடுத்தார். பங்காளிகள் மாற்றி மாற்றித் தூக்கினார்கள். நானும் என் நாத்தனாரும் பின்னால் ஓடினோம். அவள் என்னைவிடச் சின்னவள், அண்ணன் மேல் உயிர். டோலிக் கழியில் பொம்பளை தோள் வைக்கக் கூடாது, சாமி குத்தம் என்பார்கள். அதனால் நாங்கள் தண்ணீர்ச் செம்பை மட்டும் தூக்கிக்கொண்டு போனோம்.

ஓடையைத் தாண்டினோம். இறக்கம் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. அவர் கண்ணைத் திறந்து, "பன்னி செத்துச்சா?" என்று கேட்டார். "செத்துச்சு, நீ பேசாத" என்றேன்.

அப்போது மேல் சரிவிலிருந்து குரல் வந்தது. "வண்டீ..."

விடிகாலையிலேயே கூரைப்புல் அறுக்கப் போன ஆள் அவர். பன்றி குத்தியது அவருக்குத் தெரியாது. கீழே மண் ரோட்டில் ஒரு வெள்ளை வண்டி ஏறுவதைப் பார்த்தார், ஊர்க்கட்டுப்படி குரல் கொடுத்தார். ஊர்ப்பக்கமிருந்து பெண்களின் குரல் அதைத் திருப்பிக் கொடுத்தது. இன்ஜின் சத்தமும் எங்களுக்குக் கேட்டது. சைரன் இல்லை.

டோலி கீழே விழுந்தது. வைத்தார்கள் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. போட்டார்கள். ஒரு ஆள் இல்லை அங்கே. புதர் அசைந்தது, காய்ந்த இலை நொறுங்கியது, அவ்வளவுதான். நாங்களே கூப்பிட்ட வண்டிதானே என்று நின்று யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். ஆனால் நின்று யோசித்தவனுக்கு என்ன ஆகும் என்பதைத்தான் இத்தனை வருஷமாக அந்த ஊருக்கு அடித்து அடித்துக் கற்றுக்கொடுத்திருந்தார்களே.

அதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. என் வீட்டுக்காரரும் ஓடப் பார்த்தார். கம்பளியிலிருந்து உருண்டு, முழங்கையை ஊன்றி, கிழிந்த காலை இழுத்துக்கொண்டு புதரைப் பார்த்துப் போனார். கட்டு அவிழ்ந்துவிட்டது. ரத்தம் பாதையில் கோடாக வந்தது. "யோவ், அது ஆஸ்பத்திரி வண்டிய்யா" என்று கத்தினேன். அவருக்குக் காதில் விழவில்லை. காலைப் பிடித்து இழுத்தேன். என்னை உதைத்தார். அவர் மார்பில் ஏறி உட்கார்ந்து கன்னத்தில் அறைந்தேன், மறுபடியும் அறைந்தேன். என்னை ஒருநாளும் அடிக்காத மனிதரை, சாகக் கிடக்கிற நேரத்தில், நான் அடித்தேன். அப்புறம்தான் அடங்கினார்.

மறுபடி கட்டினேன். பழைய மாதிரி இறுகவில்லை, முறிந்த கையில் அவ்வளவு வலு இல்லை. நாத்தனார் கழியின் முன்பக்கம் தோளைக் கொடுத்தாள்.

"அண்ணி, தூக்கு" என்றாள்.

"சாமி குத்தம்டி."

"சாமி வந்து தூக்கட்டும், நான் வுட்டுர்றேன்" என்றாள்.

தூக்கினோம். நாலு எட்டு வைத்து இறக்குவோம், மறுபடி தூக்குவோம். கம்பளி நனைந்து சொட்டியது. ஒரு திருப்பத்தில் பேன்ட் சட்டை போட்ட இரண்டு பேர் கீழேயிருந்து ஏறி வந்தார்கள். போலீஸ்தான் வருகிறதென்று நாத்தனார் கழியை இறக்கிவிட்டுக் கல்லை எடுத்து எறிந்தாள். முன்னால் வந்தவரின் புருவத்தில் பட்டு ரத்தம் கொட்டியது. என் கையிலும் ஒரு கல் இருந்தது. பின்னால் வந்தவர் தூக்கி வந்த ஸ்ட்ரெச்சரைப் பார்த்த பிறகுதான் அதைக் கீழே போட்டேன்.

அடிபட்டவர்தான் டிரைவர். திரும்பிப் போயிருந்தால் நான் குறை சொல்லியிருக்க முடியாது. அவர் புருவத்தைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, போன் பண்ணி வரச் சொல்லிட்டு கல்லால அடிக்கிறீங்களே, இன்னா ஊரும்மா இது?" என்றார். அதோடு சரி. குனிந்து ஸ்ட்ரெச்சரில் ஒரு பக்கம் பிடித்தார். வழியில் நான், "சைரன் போட்டுக்கினு வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டேன். "ஆளில்லாத காட்டுல யாரும்மா வழி வுடணும்?" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

மலைப்பாதையில் வண்டி இறங்கியது. கூட வந்தவர் ஊசி போட்டார், பாட்டில் ஏற்றினார், என் கட்டை அவிழ்த்து அவர் ஒரு கட்டுப் போட்டார். என் வீட்டுக்காரரின் உதடு வெளுத்துவிட்டது. திருப்பங்களில் அவர் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடாமல் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். மெதுவாக என் சேலையை இழுத்தார். காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"போய்ட்டாங்களா?" என்றார்.

"போய்ட்டாங்க மாமா" என்றேன். "எல்லாரும் போய்ட்டாங்க. நீ வூட்டுக்கு வரலாம்."

அடிவாரம் வருவதற்குள் அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ரத்தம் முழுக்கப் போய்விட்டது என்றார்கள். எங்கே போனது என்று எனக்குத் தெரியும். பாதையில், அவர் புதரைப் பார்த்து இழுத்துக்கொண்டு போன அந்தக் கொஞ்சத் தூரத்தில் கிடக்கிறது.

மத்தியானத்துக்கு மேல் மூத்தாரும் பங்காளிகளும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். காலில் முள் கீறல், சட்டையெல்லாம் கிழிசல். கேட்டுக்கு உள்ளே வராமல் சுவரோரம் நின்றார்கள். நான் நேரே மூத்தாரிடம் போனேன். வீட்டில் அவர் எதிரே உட்காராத நான், அவர் சட்டையை மார்போடு பிடித்து முகத்தில் அறைந்தேன். முறிந்த கையாலும் அடித்தேன். அவர் கை தூக்கவில்லை. மூக்கிலிருந்து ரத்தம் வந்து மீசையில் இறங்கியது. "ஆம்புலன்ஸுன்னா கத்திக்கினு வரும்னு நெனச்சம்மா" என்றார். அதற்கும் சேர்த்து அடித்தேன்.

கூட்டம் கூடியது. ஆஸ்பத்திரிக் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் லத்தியோடு வந்தார். பங்காளிகள் ஒவ்வொருவராக நழுவியதை ஓரக்கண்ணால் பார்த்தேன். மூத்தாரின் உடம்பு நடுங்கியது. அந்த நடுக்கம் சட்டை வழியாக என் கைக்குத் தெரிந்தது. நான் பிடித்திருந்த துணி பாதி கிழிந்துதான் இருந்தது. உதறினால் ஓடியிருக்கலாம். ஓடவில்லை.

"இன்னா தகராறு இங்க?" என்ற போலீஸ்காரர், லத்தியை மூத்தாரின் தோளில் வைத்தார். "யாரும்மா இவன்? உன்ன இன்னா பண்ணான்? சொல்லு, கூட்டிக்கினு போயிடறேன்."

நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மூத்தார் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"என் வூட்டுக்காரரோட அண்ணன்ங்க" என்றேன். "பொணத்த மேல தூக்கிக்கினு போறதுக்கு வந்திருக்காருங்க."