பதினெட்டாவது சோப்பு

ஒரு மாதம் காய்ந்த சோப்பை எடுத்து நுனிநாக்கால் தொட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். மனத்துக்குள் பத்து எண்ணுகிறார். சுரீரென்று எதுவும் கடிக்கவில்லை என்றால் தலையை ஆட்டிவிட்டு அடுத்ததை எடுக்கிறார். "சோடாக் காரம் மிச்சம் இருந்தா நாக்கு சொல்லிடும். நாக்கு பொய் சொல்லாது. நாக்கை வெச்சிருக்கற ஆளுங்கதான் சொல்லுவாங்க."

எங்கள் தெரு அவரைக் கொழுப்பக்கா என்றுதான் கூப்பிடுகிறது. கறிக்கடையில் மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கொழுப்பை வாங்கி வருவார். பொடியாக நறுக்கி, உப்புத் தண்ணீரில் சிறு தீயில் உருக்கி, மூன்று முறை துணியில் வடிகட்டுவார். பாதி களிம்பாகும், மீதி காஸ்டிக் சோடாவோடு சேர்ந்து சோப்பாகும். "எனக்குக் கொழுப்பு ஜாஸ்தின்னு கல்யாணமான நாள்லேருந்து சொல்றாங்க. சரி, வித்துப் பார்ப்போம்னு ஆரம்பிச்சேன்" என்பார். மாடியில் குடியிருக்கும் நாத்தனார், அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டதும் ஜன்னல்களை அறைந்து சாத்துவார். கொழுப்பக்கா அதையும் வேலையில் சேர்த்துக்கொண்டார்: "மேல ஏழாவது ஜன்னல் சாத்தினா, கீழ கொழுப்பு பாதி உருகிடுச்சுன்னு அர்த்தம்."

பதினோரு வருடம் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு துவைத்தவர். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்த கைகளுக்கு முதலில் இந்தக் களிம்பைப் போட்டுப் பார்த்தார். வெடிப்பு மூடியது. வேலையை விட்டார். சோப்பு உறைமேல் 'மாட்டுக் கொழுப்பில் செய்தது' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டார். மருந்துக் கடைக்காரர் அந்த வரியைச் சின்னதாக்கச் சொன்னபோது, "தெரிஞ்சு வாங்கறவங்க போதும், தம்பி" என்று பெட்டியைத் தூக்கிவிட்டார். கடைக்காரர்தான் பின்னாலேயே ஓடிவந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

அவரைப் பற்றி எழுதலாமென்று நான் அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்த ஒரு பிற்பகலில் அது நடந்தது. ஓரம் உடைந்ததால் விற்காமல் வைத்திருந்த ஒரு சோப்பில் கை கழுவிக்கொண்டிருந்தார். பேச்சு பாதியில் நின்றது. கையை உதறினார். குழாயை முழுதாகத் திறந்து கையை நீட்டியபடி நின்றார். பிறகு அந்தத் துண்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மூலையில் சுண்ணாம்புபோல ஒரு வெள்ளைக் கோடு.

"இதைச் செஞ்ச அன்னிக்குக் கலக்கற மிஷின் நின்னுபோச்சு. கட்டையால கலக்கினேன். காரம் மூலையில தங்கிடுச்சு." குரல் இறங்கியிருந்தது. "நான் ஒவ்வொண்ணையும் நடுவுலதானே தொட்டுப் பார்த்தேன்."

அன்று ஊற்றி வெட்டிய அந்தப் பாளத்தில் இருபது சோப்பு. இரண்டு வீட்டில். பதினெட்டு அன்று காலைதான் மருந்துக் கடைக்குப் போயிருந்தன.

மாடிப்படியில் நின்ற நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். "அண்ணி, கொஞ்சம் எரிஞ்சா கழுவிக்கப் போறாங்க. நீயா போய்ச் சொன்னா அந்தக் கடையும் போச்சு. வாயை மூடிட்டு இரு."

கொழுப்பக்கா செருப்பை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "வண்டி இருக்கில்ல?"

கடையில் பதினேழு இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் போட்டார். மறுபடி கொட்டி எண்ணினார். பதினேழுதான். கடைக்காரர் முகம் மாறியது.

"ஒண்ணு போயிடுச்சுக்கா. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, பச்சை கேட்டு வீடு. கைக்குழந்தைக்காரங்க. குழந்தைக்குன்னுதான் கேட்டாங்க. நான்தான் நல்லதுன்னு எடுத்துக் குடுத்தேன்."

போகும் வழியில் என் தோளைப் பிடித்திருந்த அவர் விரல்கள் எலும்பில் பதிந்தன. பச்சை கேட்டைத் தட்டினார். பதில் இல்லை. உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடினார்.

"அம்மா! அந்தச் சோப்பைக் கீழ போடுங்க! குழந்தைமேல போடாதீங்க!"

குளியலறையில் அந்த இளம் தாய் ஒரு கையால் குழந்தையை அணைத்து, மறுகையில் நனைந்த சோப்போடு விறைத்து நின்றாள். குழந்தை உடம்பில் நுரை இல்லை. அவள் உள்ளங்கை மட்டும் சிவந்திருந்தது. அப்போதுதான் தன் கையில் குழைக்கத் தொடங்கியிருக்கிறாள்.

குழந்தை என் கைக்கு வந்தது. கொழுப்பக்கா அவள் கையைக் குழாயடியில் பிடித்துக்கொண்டார். கால் மணி நேரம் விடவில்லை.

"விக்கும்போது தெரியலையா உங்களுக்கு?" என்றாள் அவள்.

"தெரியல. சரியாப் பார்க்கல. என் தப்புதான்."

"என் பிள்ளை மூஞ்சியில பட்டிருந்தா?"

கொழுப்பக்கா குழாயை மூடவில்லை.

மறுநாள் மருந்துக் கடைக்காரர் மீதிப் பெட்டிகளையும் திருப்பி அனுப்பிவிட்டார். "நான் சொன்னேன்ல" என்றார் நாத்தனார். அதோடு நிறுத்திக்கொள்ளவும் இல்லை. கொழுப்பக்கா மூன்று வாரம் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. நாலாவது வாரம் புது மிஷின் வந்தது. இப்போது ஒவ்வொரு சோப்பிலும் நாலு மூலையையும் தொட்டுப் பார்க்கிறார். சாயங்காலத்துக்குள் நாக்கு மரத்து, சாப்பாட்டில் உப்பு தெரிவதில்லை.

புது மிஷினில் செய்த முதல் சோப்புகள் காய்ந்து முடிந்த வாரம், பச்சை கேட்டு வீட்டுக்காரி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. வாசலிலிருந்தே அடுக்கைப் பார்த்தாள்.

"குழந்தைக்கு மறுபடி தோல் வறண்டுபோய்க் கிடக்கு. கடைச் சோப்பு எதுவும் ஒத்துக்கல." கொஞ்சம் நிறுத்தினாள். "இது எப்படி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

கொழுப்பக்கா அடுக்கைக் காட்டினார். "நீங்களே ஒண்ணு எடுங்க."

அவள் அடியிலிருந்து, ஓரத்தில் இருந்த ஒன்றை உருவினாள். கொழுப்பக்கா அதை வாங்கி நனைத்தார். கையில் குழைத்தார். நெற்றி, கண் இமை, கன்னம், கழுத்து என்று முகம் முழுக்க நுரையைப் பூசிக்கொண்டார். பிறகு, கழுவாமல், கண்ணை மூடியபடி அவள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.